சர்வரில் இல்லாத பாதி

எந்த அலுவலகத்திலும் “வாடிக்கையாளர் விவரமெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “சர்வர்ல பத்திரமா இருக்கு சார்” என்பார்கள். பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை. மீதி, வாட்ஸ்அப்பில் வந்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிட்ட ஆதார் படங்களாகவும், ‘சேலரி ஃபைனல் 2 புதுசு’ என்ற எக்செல் கோப்பாகவும், எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்பிலும் கிடக்கும்.

கணினி கணினியாகத் துழாவி இவற்றைப் பிடிக்க மென்பொருள்கள் உண்டு. 12 இலக்கம் தென்பட்டதெல்லாம் ஆதார் என்று கூவினால் வேலைக்கு ஆகாது. 91 சேர்த்து எழுதிய செல்பேசி எண்ணும் 12 இலக்கம்தானே. ஆதார் 0, 1 இரண்டிலும் தொடங்காது. கடைசி இலக்கம், முந்தைய 11-ஐ வைத்துக் கணக்குப் போட்டு வருவது. வெர்ஹோஃப் என்ற டச்சுக்காரர் 1969-இல் தந்த கணக்கு அது. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலே காட்டிக்கொடுத்துவிடும். அப்படியும் பத்தில் ஒரு வெற்று எண் தேறிவிடும் என்பதால், பக்கத்தில் ‘ஆதார்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கோணல்மாணலாக எடுத்த ஜெராக்ஸ் போட்டோவிடம் இந்தச் சாமர்த்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை. நம் அலுவலகங்களில் இருப்பதோ அதிகமும் அதுதான்.

கண்டுபிடித்ததைப் பூட்டலாம், கடைசி நான்கு இலக்கம் தவிர மறைக்கலாம். அழிக்கச் சொன்னால்தான் தகராறு. “இருக்கட்டும் சார், ஆடிட்டுக்கு வேணும்.”

ஆடிட்டுக்கு எல்லாமே வேண்டும் என்பதில்லை. 2007-இல் பிரிட்டன் வருவாய்த் துறையிடம் தணிக்கை அலுவலகம், வங்கி விவரங்கள் நீக்கிய குழந்தைகள் உதவித்தொகைப் பட்டியலைத்தான் கேட்டது. பிரித்தெடுக்கச் செலவாகும் என்று முழுப் பட்டியலையும் இரண்டு குறுந்தகடுகளில் பதிந்து, பதிவுத் தபாலாகக்கூட இல்லாமல் அனுப்பினார்கள். பாஸ்வேர்டு இருந்தது, என்கிரிப்ஷன் இல்லை. 2.5 கோடிப் பேரின் விவரத்தோடு தகடுகள் வழியில் தொலைந்தன; துறைத் தலைவர் பதவி விலகினார். கேட்டதை மட்டும் கொடுத்திருந்தால் வங்கிக் கணக்குகளாவது தப்பியிருக்கும்.

நம்மூரிலும் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காபந்து செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதனால் இனி தேடுதல் வேட்டைகள் கூடும். வேட்டை முடிந்ததும் ஓர் அறிக்கை வரும்: யார் கணினியில் எந்த எண் கிடைத்தது என்று. மென்பொருளைச் சரியாக அமைக்காவிட்டால் எண்கள் அதில் முழுசாகவே இருக்கும். அதை மேலாளர் ஐந்து பேருக்கு ஃபார்வர்ட் செய்வார். ஐவரும் டவுன்லோட் செய்வார்கள்.