கண்ணாடிச் சுவரும் நெய்தல் நிலமும்

உண்பவன் தன் உணவைத் தேடித் தந்தவனை அறிந்திருத்தல் வேண்டுமா? விலை கொடுத்து வாங்கியபின் அவ்வறிவு எதற்கு என்பார் பலர். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். கடலில்லாத ஓர் ஊரிலே, கடலொன்றின் எதிரே அமர்ந்து உண்ட ஒரு நண்பகல் அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

2023 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், அமெரிக்காவில் வாழும் என் தமக்கையின் மகள் குடும்பத்தோடு புளோரிடா மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒர்லாண்டோ நகரின் அயலில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் அமைத்த கேளிக்கைப் பூங்காக்கள் உள்ளன. சதுப்பும் காடுமாய்க் கிடந்த நிலத்திலே முதற் பூங்கா 1971 இலும், எப்கொட் எனப்படும் இரண்டாவது பூங்கா 1982 இலும் திறக்கப்பட்டன. எப்கொட்டினுள் 1986 இல் கடல் மண்டபம் ஒன்று எழுந்தது. அதன் நடுவேயுள்ள தொட்டி ஏறத்தாழ 57 இலட்சம் கலன் நீரைக் கொள்வது. அட்லாந்திக் கரைக்கோ அங்கிருந்து மோட்டார் வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்லல் வேண்டும். ஆகவே, நன்னீரில் உப்பைக் கலந்து கடல்நீர் ஆக்கினர். பவளப் பாறைகளைக் கைவினைஞர் செய்து அமைத்தனர். நீந்தும் சுறாவும் திருக்கையும் ஆமையுமே அங்கு மெய்யானவை.

அத்தொட்டியின் ஒருபுறம் கண்ணாடிச் சுவர். அச்சுவரை நோக்கிப் படிப்படியாய் இருக்கைகள் அமைத்து நடத்தப்படும் உயர்தர உணவுச்சாலையிலேதான் எங்கள் மதிய உணவு. கடல் உணவே அங்குச் சிறப்பு. மருமகளும் அவள் கணவரும் இறாலும் கலவாய் மீனும் கேட்டனர். யான் மரக்கறி உண்பவன். எனக்கு வேண்டியதையும் அன்போடு ஆக்கித் தந்தனர். நீல ஒளி மேசைகளின்மீது அலைந்தது. திருக்கை ஒன்று தன் வெள்ளை வயிற்றைக் கண்ணாடியில் உராய்ந்தவாறு மேலெழுந்தது. அழகு அழகுதான், அதனை மறுப்பது என் கருத்தன்று.

அப்போது பேத்தி முறையான ஏழு வயதுச் சிறுமி, தாய் கற்பித்த தமிழிலே என்னைக் கேட்டாள்: “தாத்தா, இந்த மீன்களையோ எங்களுக்குச் சமைச்சுத் தருகினம்?”

எல்லோரும் நகைத்தோம். அவள் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. 2003 இல் வெளிவந்த ‘பைண்டிங் நீமோ’ என்னும் படத்தில் வரும் நீமோ என்ற மீனின் பெயரையே அக்கடல் மண்டபம் இன்று தாங்கியுள்ளது. அப்படத்தில் வரும் சுறாக்கள், மீன்களை இனி உண்பதில்லை, நண்பராகவே கொள்வோம் என உறுதி பூணுகின்றன. அந்நண்பரைக் கண்டு களித்துவந்த குழந்தைக்கு, அதே கூரையின்கீழ் மீன் உணவு பரிமாறப்படுவது வியப்பளித்தது. பரிமாறிய இளைஞர் புன்முறுவலுடன், “இவை இங்கே வாழ்பவை, உண்பவை வெளியிலிருந்து வருபவை” என விளக்கினார். சிறுமி விடவில்லை. “அப்ப, அதை ஆர் பிடிச்சது?” என்றாள்.

இவ்வினாவுக்கு ஒருவரும் நகைக்கவில்லை; ஒருவரும் விடையும் சொல்லவில்லை. ‘யான் மீன் உண்ணாதவன், இவ்வினா என்னைச் சார்ந்ததன்று’ எனச் சிறிது செருக்கோடு பேசாதிருந்தேன். அன்றிரவு விடுதியிலே உறக்கம் வரவில்லை. சிறுமியின் வினாவுக்கு விடை தேடலானேன்.

தேடியபோது கண்ட செய்திகள் பல. அமெரிக்கர் உண்ணும் இறாலிற் பெரும்பகுதி பிறநாடுகளிலிருந்து வருவது. அண்மைய ஆண்டுகளில் அதனை மிகுதியாய் அனுப்பிய நாடு இந்தியா; அங்கே ஆந்திரக் கரையோரப் பண்ணைகளில் இறால் பெருமளவில் வளர்க்கப்படுகின்றது. ஆகவே, அவ்வூர்த் தட்டிலுள்ள ஓர் இறாலின் ஓட்டை உரித்த கை, எம் அயலாள் ஒருத்தியின் கையாகவும் இருத்தல் கூடும்.

புளோரிடாவின் புகழ்பெற்ற உணவு கல்நண்டு. அதன் பருவம் ஐப்பசி 15 ஆந் திகதி தொடங்கி வைகாசி முதலாந் திகதி முடியும் எனச் சட்டம் வரையறுத்துள்ளது. நண்டை முழுதாய்க் கொள்ளுதல் குற்றம். உரிய அளவு வளர்ந்த கொடுக்கை முறித்தெடுத்து, நண்டை உயிரோடு கடலிலே விடுதல் வேண்டும்; கொடுக்கு மீண்டும் வளரும். முறிக்குமிடம் பிழைத்தால் நண்டு இறந்துபடும். ஆகவே பிடிப்பவனின் கைத்திறனே அவ்வுணவின் அறம். ஆயினும் உண்பவன் காண்பது கொடுக்கை மாத்திரமே. அக்கையை அவன் காண்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1994 இல் அம்மாநில மக்கள் வாக்களித்து, கரையோர நீரிலே செவுள் வலைகளைத் தடைசெய்தனர். 1995 ஆடி முதலாந் திகதி தடை நடைமுறைக்கு வந்தது. மீன்வளம் காக்க அத்தடை வேண்டியிருந்தது என்பார் கூற்றை யான் மறுக்கவில்லை. வலைகளுக்கு அரசு பணமும் கொடுத்தது. ஆயினும், தந்தையும் பாட்டனும் செய்த தொழிலைச் சிறு மீனவர் பலர் கைவிட நேர்ந்தது. மீனிடத்து இரக்கங்கொண்டோர் தொகை பெரிது. மீனவனை அறிந்தோர் தொகை சிறிது. வாக்குப் பெட்டியில் வெல்வது தொகையன்றோ!

கண்ணாடிச் சுவர் செய்யும் வேலை இதுவே எனத் துணிகின்றேன். அது கடலைக் காட்டுகின்றது. கடலில் உழைப்பவனைக் காட்டுவதில்லை. மீனை நேசிக்கக் கற்பிக்கின்றது. மீனவனை மறக்கவும் கற்பிக்கின்றது. அத்தகைய மண்டபங்களால் நன்மையே இல்லை என்று கூறேன். காயமுற்ற மனாட்டி என்னும் கடற்பசுக்களுக்கு அங்கே மருத்துவம் செய்கின்றனர். அங்கு சென்றுவந்த குழந்தை கடலிலே குப்பை எறியத் தயங்கும். ஆனால் அரைப்பாடம் முழுப்பாடம் ஆகிவிடாது.

தொல்காப்பியர் முழுப்பாடத்தையே சொன்னார். ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என நிரல்படுத்தினார். ‘செய்தி’ என்பது ஈண்டுத் தொழில். உணவும் தொழிலும் ஒரே நிரலில் நின்றன. ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கூறினால் நிலம் நிறைவுறாது. நெய்தல் மக்களின் உணவு யாதெனின், மீனும் உப்பும் விற்று அவற்றுக்கு மாறாகப் பெற்றது என வகுத்தனர் இலக்கணிகள். நுட்பமான வகுப்பு இது. கடலோடியின் உணவு அவன் பிடித்த மீனன்று. அம்மீனுக்கு நாம் கொடுப்பதே அவன் உணவு. நாம் குறைத்துக் கொடுத்தால் அவன் கலம் குறையும். அன்று நாங்கள் நால்வரும் உண்டதற்கு இறுத்த பணம் என் ஒரு மாதச் சம்பளத்தினும் மிகுதி. அதில் எவ்வளவு கடலோரம் சென்று சேர்ந்திருக்கும் என எண்ணாமல் இருக்க இயலவில்லை.

இவ்வளவும் எழுதிய பின், பிறர்மீது குற்றஞ்சாட்டி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. சிறுமியைக் கண்டு நாங்கள் நகைத்த நகைப்பு, யான் முன்னொருநாள் கேட்ட மற்றொரு நகைப்பை நினைவூட்டிற்று. அதுவே என்னை உறங்கவிடாதது.

ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் ஒருநாள் நெய்தற் பாடம் நடத்தினேன். கொண்டல் கீழ்க்காற்று, கோடை மேல்காற்று, வாடை வடகாற்று, தென்றல் தென்காற்று என நிகண்டு முறையிலே சொல்லி வந்தேன். பின்வாங்கிலிருந்த கரையூர்ப் பிள்ளையொருவன் எழுந்தான். “ஐயா, எங்கட ஆக்கள் மேல்காற்றைக் கச்சான் எண்டும் தென்காற்றைச் சோளகம் எண்டும் சொல்லுவினம். கொண்டலும் வாடையும் எங்களிட்டையும் இருக்கு” என்றான். தொடர்ந்து, எந்தக் காற்றுக்கு எந்த வலை, எந்த மீன் என விரிக்கத் தொடங்கினான். வகுப்பு கொல்லென நகைத்தது. மூக்கைப் பொத்திக் காட்டினான் ஒருவன். யான் அவனைக் கண்டிக்கவில்லை. யானும் புன்னகைத்து, “சரி, இரு” என்றேன். அப்பிள்ளை அதன்பின் என் வகுப்பிலே வாய்திறந்ததில்லை.

ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொற்கள் இரண்டை உயிரோடு கொண்டுவந்து என்முன் வைத்தவன் அவன். யானோ ஏட்டிலுள்ள சொல்லைப் போற்றி, வாயிலுள்ள சொல்லை அமர்த்திவிட்டேன். புன்னையும் தாழையும் அலைவாய்க் கரையும் எனக்கு இனித்தன. அக்கரையிலிருந்து வந்த பிள்ளை இனிக்கவில்லை. எப்கொட்டிற் கண்ட கண்ணாடிச் சுவர் எனக்குப் புதிதன்று. யானே ஒன்றை என் வகுப்பறையில் எழுப்பி வைத்திருந்தேன். மரக்கறி உண்பதனால் மாத்திரம் ஒருவன் அச்சுவரின் அப்புறம் சென்றுவிடுவதில்லை.

ஆசிரிய அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. நெய்தற் பாடம் நடத்துமுன் கரையோரம் ஒருமுறை செல்லுங்கள். வாடியில் வலை பொத்தும் முதியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, நாற்காலியில் இருத்தி, மாணவரை வினாவ விடுங்கள். கரைவலை, மடி, சம்மாட்டி முதலாய சொற்களை அவர் வாயால் கேட்டு மாணவர் எழுதட்டும். உரைகாரர் விடாது சொன்ன பலவற்றுக்கு அவர் வாழ்வே உரையாகும். மாணவர்களே, உங்கள் வாங்கிலே கரையூர்த் தோழன் இருப்பின், அவன் வாய்திறக்கும்போது செவிகொடுங்கள்.

ஊர் திரும்பிய பின் அப்பழைய மாணவனைத் தேடினேன். அவன் இப்பொழுது எங்குள்ளான் என அறிந்தார் இலர். அவனுக்குச் சொல்லவேண்டியதை இங்கே எழுதியுள்ளேன். சிறுமிக்கு மாத்திரம் கடிதம் எழுதி விடை அனுப்பினேன்: “மீனைப் பிடித்தவரின் பெயர் எனக்குத் தெரியாது, பிள்ளை. தெரியாமல் இருந்தது என் பிழை. நீ கேட்டது சரியான கேள்வி, இனியும் கேள்.”