அப்பா வந்தார், அம்மா வந்தாள்

கையில் கிடைக்கும் பழைய தமிழ்க் கதைத் தொகுப்பு ஒன்றைப் புரட்டுங்கள். அப்பா 'வந்தார்', அம்மா 'வந்தாள்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எழுபது வயதுத் தாத்தா 'இருமினார்', அவரோடு ஐம்பது வருஷம் குப்பை கொட்டிய பாட்டி 'முனகினாள்'. எழுதியவருக்கு அம்மா மேல் கோபமெல்லாம் ஒன்றுமில்லை. கை தானாக அப்படி எழுதுகிறது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

'வந்தாள்' என்பதற்கு ஜோடி 'வந்தான்'. 'வந்தார்' இருவருக்கும் பொது. தொல்காப்பியத்திலேயே பலர்பால் என்று ஒன்று உண்டு, அதற்குள் ஆண் பெண் பிரிவு கிடையாது. பிற்பாடு அதையே ஒருவருக்கு மரியாதையாகவும் கொடுக்க ஆரம்பித்தோம். பொதுச்சொத்து மாதிரி இருந்ததை, வீட்டுக்குள் கொண்டுவந்ததும் ஆண்கள் பேருக்குப் பட்டா போட்டுவிட்டோம்.

நான் இருப்பது டெல்லிப் பக்கம். இங்கே வரும் நம்மவர்கள் ஹிந்தியில் முதலில் அடி வாங்குவது பால் விஷயத்தில்தான். ரொட்டி பெண், சோறு ஆண், பஸ் பெண், டிரக் ஆண். மேஜைக்கு எதுக்குய்யா பொம்பளை வேஷம் என்று சிரித்துவிட்டு, தமிழ் எவ்வளவு ஒழுங்கு என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வோம். 2007-ல் பிரதிபா பாட்டீல் பதவிக்கு வந்தபோது, ஒரு பெண்ணை 'ராஷ்டிரபதி' என்று சொல்லலாமா என்று இங்கே விவாதம் நடந்தது. 2022-ல் திரௌபதி முர்மு வந்த சில நாட்களில் ஒரு காங்கிரஸ் எம்.பி. 'ராஷ்டிரபத்னி' என்று சொல்லப்போய் நாடாளுமன்றத்தில் ரகளை, அப்புறம் மன்னிப்புக் கடிதம். தமிழுக்கு அந்தத் தொல்லையே இல்லை. குடியரசுத் தலைவர், முடிந்தது.

ஆனால் அதே 'தலைவர்' வீட்டுக்குள் என்ன ஆகிறார் பாருங்கள். குடும்பத் தலைவர் என்றால் வீட்டை ஆள்பவர். குடும்பத் தலைவி என்றால்? பத்திரிகைகளிலும் டிவி போட்டிகளிலும் வேலைக்குப் போகாத மனைவிக்குப் பெயர் அது! இத்தனைக்கும் 2013-ம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் கார்டில் குடும்பத்தின் தலைமை பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணுக்கே உரியது.

அடுத்தது இந்தத் 'தமிழன்'. மேடை ஏறினால் தமிழன், பட்டிமன்றத்தில் சராசரி மனிதன், தேர்தல் வந்தால் குடிமகன். கேட்டால் 'தமிழன்னா அதுல பொம்பளையும் அடக்கம்' என்பார்கள். வெள்ளைக்காரனும் 1897-ல் பொதுச் சட்டக்கூறுகள் சட்டத்தில் இதைத்தான் எழுதி வைத்தான், ஆண்பால் சொன்னால் பெண்ணும் சேர்த்தி என்று. சரி, திருப்பிப் போட்டுப் பார்ப்போமா? 'தமிழச்சி என்றால் ஆணும் அடக்கம்' என்று ஒரு கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். சட்டமே திருப்பிப் போட்டுவிட்டது தெரியுமோ? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் எல்லோருக்கும் 'ஷீ'தான், ஆண்களும் அதற்குள். வானம் இடிந்து விழவில்லை. கிரிக்கெட் விதிகளில்கூட 2021-ல் பேட்ஸ்மேனை எடுத்துவிட்டு பேட்டர் என்று போட்டாயிற்று. நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. 'தமிழர்' ரெடியாக இருக்கிறது.

பெங்காலியில் அவன், அவள் என்ற பிரிவே இல்லையே, அங்கே மட்டும் பெண்கள் நிலைமை ஓஹோவா என்று ஒருத்தர் மடக்குவார். நியாயமான கேள்விதான். 'அவளை' ஒழிக்கவேண்டும் என்று நான் கொடி பிடிக்கவில்லை. நல்ல சொல், அது பாட்டுக்கு இருக்கட்டும். மரியாதையைப் பங்கு போடுகிற அளவுகோல்தான் என் வழக்கு. பெங்காலியிலும் மரியாதைக்குத் தனிச்சொல் உண்டு, ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆண் பெண் தெரியாது.

நம் வீடுகளில் ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். எலக்ட்ரீஷியன் 'வந்தாரா?' டிரைவர் 'சாப்பிட்டாரா?' தினமும் பாத்திரம் தேய்க்க வருபவர் மட்டும் 'இன்னிக்கு வந்தாளா?' அல்லது 'அது வந்துச்சா?' (சில ஊர்ப்பக்கம் சொந்த மகளையே 'வந்துச்சு' என்று கொஞ்சுவார்கள், அது வேறு. இது கொஞ்சல் இல்லை.) அவருக்கு எலக்ட்ரீஷியனைவிடப் பத்து வயது கூடுதலாகவே இருக்கும்.

ஊரில் வளரும் பிள்ளைக்கு இதை நேராக்க ஆள் உண்டு. 'டீச்சர் சொன்னாங்க', 'கண்டக்டரக்கா குடுத்தாங்க' என்று நாலு பக்கத்திலிருந்து தமிழ் காதில் விழும். நொய்டாவிலும் குர்கானிலும் வளரும் பிள்ளைக்கு நம் சாப்பாட்டு மேஜைதான் மொத்தத் தமிழ்நாடு. நாம் யாருக்கு 'ஆர்' போடுகிறோம், யாருக்கு 'ஆள்' போடுகிறோம் என்பதை அது இலக்கணமாகவே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பள்ளியில் என்ன சமத்துவப் பாடம் நடத்தினாலும் அது இங்கிலீஷில் நடக்கும். தமிழுக்குள் எட்டிப் பார்க்காது.

'அம்மாவை நீ, வா என்பது நெருக்கம்ங்க, வாங்க போங்கன்னா அந்நியமா இருக்கும்' என்பதுதான் கடைசி அஸ்திரம். நெருக்கம் நல்லதுதான், நேரில் தாராளமாக 'நீ' என்றே கூப்பிடுங்கள். அப்பாவையும் 'நீ' என்று கூப்பிடுகிற வீடுகள் உண்டே. அங்கேயும் மூன்றாம் ஆளிடம் சொல்லும்போது அப்பா 'போயிருக்கார்', அம்மா 'போயிருக்கா'. ஊராரிடம் பேசும்போது எங்கிருந்து வந்தது நெருக்கம்? அவ்வளவு நெருக்கம் என்றால் நாலு நாளைக்கு 'அப்பா வந்தான், அப்பா சாப்பிட்டான்' என்று சொல்லிப் பாருங்கள். பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கும்போது மட்டும் வேண்டாம் :-)