பனியில் சறுக்குவது நாம், சரிவது யார் வீடு?

கிளாஸில் இப்போதெல்லாம் எவன் போனை நீட்டினாலும் பனிச்சறுக்கு வீடியோதான். ஒன்று குல்மார்க், இல்லையென்றால் ஔலி. கூடவே ஒரு டயலாக்: "நம்ம நாட்டுலயும் சுவிட்சர்லாந்து மாதிரி பெருசா கட்டணும்டா!"

கட்டணுமாம். சரி மக்கா, பி.காம். படிக்கிற பயல்கள்தானே நாம், கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஔலி உத்தராகண்டில் சமோலி மாவட்டத்தில் இருக்கிறது. கீழே ஜோஷிமட் ஊர். அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர் ரோப்கார் போட்டிருக்கிறார்கள். மேலே சறுக்குச் சரிவு, எதிரே நந்தாதேவி சிகரம். அழகுதான், யார் இல்லையென்றது? பூட்ஸ், சறுக்குக் கட்டை, பயிற்சியாளர், அறை வாடகை என்று ஒரு நாள் செலவை எழுதிக் கூட்டிவிடலாம். பில்லில் வராத செலவு ஒன்று இருக்கிறதே, அதை யார் கட்டுவது?

ஜோஷிமட் நிற்பது கெட்டிப் பாறைமேல் அல்ல. பழைய நிலச்சரிவில் வந்து குவிந்த மண்ணும் கல்லும்தான் அதற்கு அடி. மிஸ்ரா கமிட்டி இதை 1976லேயே சொல்லிவிட்டது. கனத்த கட்டடம் கூடாது, பாறைகளைப் பெயர்க்காதீர்கள், மரம் நடுங்கள் என்றும் எழுதிக்கொடுத்தது. யார் கேட்டார்கள்? ஹோட்டல்கள் எழும்பின, சாலை அகலமானது, நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள். 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். ரோப்காரையும் நிறுத்தினார்கள். நடுங்கும் குளிரில் சனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போனார்கள்.

"அதுக்குச் சுரங்கம்தானே காரணம், சறுக்குறவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்கலாம். ஊர்க்காரர்களும் சுரங்கத்தைத்தான் கைகாட்டினார்கள், என்.டி.பி.சி. மறுத்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். வருகிற கூட்டத்துக்குக் கட்டும் மாடிகளும், அவற்றின் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்குவதும் அதே மலைக்குத்தானே பாரம்?

இது நமக்குப் புரியாத விஷயமா என்ன? எங்கள் புதியம்புத்தூர்ப் பக்கம் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் உப்பும். கருமண்ணைத் தோண்டி எடுத்துச் சரளை அடிக்காமல் வீடு கட்டினால் சுவரில் விரல் நுழையும். மண்ணைக் கேட்காமல் வானம் தோண்டாதே என்பது இங்கே கொத்தனாருக்கே தெரியும். திட்டம் போடுகிற ஆபீசருக்குத் தெரியாதா?

சரி, பனியாவது உண்டா? 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக ஔலியில் செயற்கைப் பனி இயந்திரங்களை வைத்தார்கள், அதற்குத் தண்ணீர் கொடுக்க மலைமேல் செயற்கை ஏரி. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கிட்டத்தட்ட எல்லாமே இயந்திரப் பனி. குல்மார்க்கில் 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டி, பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. சரக்கே வராத கடைக்கு மாடி கட்டச் சொல்கிறீர்கள் :-)

சறுக்கையே மூடு என்று நான் சொல்லவில்லை. பயிற்சியாளர், குதிரைக்காரர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அதில்தான் சோறு. 2022 ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கானும் குல்மார்க் சரிவில் பழகியவர்தான். இருக்கிற சரிவு இருக்கட்டும். புதிய ஹோட்டலுக்கு அனுமதி தருவதற்கு முன் ஜோஷிமட்டின் சாக்கடையைச் சரிசெய்யட்டும். வீடு போனவருக்கு வீடு கொடுக்கட்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கட்டும்.

மெஷினுக்குத் தேய்மானம் போடச் சொல்லி நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். மலைக்கு யார் போடுவது? லாபத்தை ஒருவன் எடுத்துக்கொண்டு விரிசலை இன்னொருவன் சுவரில் எழுதினால், அதற்குப் பெயர் வளர்ச்சி இல்லை, கள்ளக்கணக்கு.