கண்ணுக்குத் தெரியாத உறவும் பகையும்

'கிருமி' என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிப்பது நம் வழக்கம். ஆயினும், இரவில் பாலுக்கு உறை ஊற்றி வைத்துவிட்டு, விடிந்ததும் கட்டித் தயிரைக் கண்டு மகிழும் இல்லத்தரசி, அம்மகிழ்ச்சியை அளித்தவையும் கிருமிகளே என்பதை நினைப்பதில்லை. உறவு எது, பகை எது என்று அறியாமல் வாழ்வது குடும்பத்துக்கு நல்லதன்று. இவ்வாரம் அவற்றை இனங்கண்டு கொள்வோம்.

நறுவிலி மரத்தின் பெயரைத் தாங்கிய நறுவிலிக்குளம், மன்னார் மாவட்டத்தில் நானாட்டான் பிரிவைச் சேர்ந்த கிராமம். அப்பகுதியில் வயலும் உண்டு, பனையும் உண்டு. வங்காலைக் கடற்கரையும் தொலைவில் இல்லை. நுண்ணுயிர்களைப் பற்றிக் கற்க இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

முதலில் பனையைப் பார்ப்போம். பாளையைச் சீவி முட்டி கட்டுகிறார் சீவல் தொழிலாளி. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது இனிய கருப்பநீர், பூசாவிட்டால் கள். மரமும் ஒன்றே, சாறும் ஒன்றே. மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, மதுசாரத்தையும் கரியமிலவாயுவையும் வெளிவிடுகின்றது. கள் நுரைப்பது இதனாலேயே. சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் பெருக இயலாது. ஆகவே கருப்பநீர் இனிமை கெடாமல் அடுப்புக்கு வந்து பனங்கட்டியாகின்றது. கள்ளை நாட்கணக்கில் வைத்திருந்தாலோ வேறோர் இனம் புகுந்து அதைக் காடியாக்கிவிடும்.

பால் புளிப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நம் பாட்டிமார் அவர் பெயரைக் கேட்டதில்லை; ஆனால் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட பின்னரே உறை ஊற்றினர். கொதிக்கும் பாலில் தயிர்ப் பற்றீரியா மடியும். குளிர்ந்த பாலில் அது சோம்பிக் கிடக்கும். காய்ச்சுவதால் பகை அழிகின்றது. ஆறவிடுவதால் உறவு பிழைக்கின்றது.

கருவாட்டின் கதை வேறு. மீனை அழுகச் செய்யும் பற்றீரியாக்களுக்கு ஈரம் வேண்டும். உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சுகின்றது. வெயில் எஞ்சியதை உலர்த்துகின்றது. உப்பிலே கஞ்சத்தனம் காட்டினால் கருவாடு கெடும்.

வயலிலும் நமக்கு உறவினர் உண்டு. நெல் அறுத்த நிலத்தில் பயறோ உழுந்தோ விதைத்து, ஒரு செடியை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேரிலே சிறு முடிச்சுகள் தெரியும். அவை நோயல்ல, காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உரமாக்கித் தரும் பற்றீரியாக்களின் குடியிருப்புகள்.

அதே வயலிற்றான் பகையும் பதுங்கியிருக்கின்றது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரோடு சேற்றில் கலக்கும் ஒருவகைப் பற்றீரியா, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலினுள் நுழையும். அதுவே எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என மக்கள் அஞ்சியது, உயிர்களையும் பறித்த இக்காய்ச்சலே என்பது பரிசோதனையில் தெளிவாயிற்று. காலபோக வேலைக்குச் சேற்றில் இறங்கும் ஒவ்வொருவரும் இதை மனத்திற் கொள்ளவேண்டும். காற்புண்ணை நீர் புகாதவாறு மூடிக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முற்காப்பு மாத்திரை பற்றிக் கேட்டறியுங்கள். வயலிலிருந்து வந்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண்சிவப்பும் கண்டால், "உழைத்த அலுப்பு" என்று கசாயம் குடித்துக் காலங் கடத்தாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாமற் சொல்லுங்கள். ஆரம்பத்தில் குணமாகக்கூடிய நோய், தாமதித்தால் சிறுநீரகத்தைத் தாக்கும்.

கிணற்றையும் மறத்தலாகாது. வெள்ளம் வடிந்த பின் நீர் தெளிவாகத் தோன்றலாம். ஆனால் வாந்திபேதிக் கிருமியும் நெருப்புக் காய்ச்சற் கிருமியும் தெளிந்த நீரிலும் மறைந்திருக்கும். கிணற்றுக்குக் குளோரின் இடுவிக்க வேண்டும். குடிப்பது கொதித்தாறிய நீராக இருக்கவேண்டும். குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் தண்ணீரை நிறுத்துவது பெரும் பிழை. உயிரைக் குடிப்பது பெரும்பாலும் உடலின் நீரிழப்பே. 'ஜீவனி' பொட்டலத்தை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே வைத்தியரை நாடுங்கள்.

இறுதியாக ஒன்று. 1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் ஒரு பூஞ்சணத்திலிருந்து பெனிசிலினைக் கண்டறிந்தார். நுண்ணுயிரே நுண்ணுயிருக்கு மருந்தாயிற்று. ஆனால் அயல்வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கி விழுங்குவதும், காய்ச்சல் விட்டதும் மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் ஆபத்து. தேவையின்றி விழுங்கும் மருந்து நம் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழிக்கும். மருந்துக்கு அஞ்சாத கிருமிகளோ எஞ்சி நின்று பெருகும்.

கிருமியில்லாத வீடு உலகில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. எதற்கு உறை இடுவது, எதற்கு உப்பிடுவது, எதைக் கொதிக்க வைப்பது என்று அறிந்த கை அவ்வீட்டில் இருந்தாற் போதும்.