வெட்டி வளர்த்த தோட்டம்

மருதானையிற் புகையிரதம் ஏறித் தெற்கே அளுத்கம வரை செல்லும் நேயர்கள், அதற்கு அணித்தேயுள்ள லுணுகங்கைத் தோட்டத்தை ஒருமுறை கண்டுவருதல் நன்று. 1948 இல் அதனை வாங்கியபோது ஜெப்ரி பாவா சட்டம் பயின்றவரேயன்றிக் கட்டடக் கலைஞரல்லர். தெதுவ வாவிக்கரையிலே கிடந்த றப்பர்த் தோட்டம் அது.

பூங்கா அமைப்போர் எதை நடலாமென்றே முதலில் எண்ணுவர். அவரோ எதை அகற்றலாமென்று நோக்கினார். றப்பர் மரங்கள் வீழ்ந்தன, வாவி தெரிந்தது. தெற்கே பார்வையை மறித்த கறுவாக் குன்றின் உச்சியைத் தாழ்த்தினார்; அப்பால் நீரும், தொலைவில் ஒரு தாதுகோபமும் புலப்பட்டன. குறுக்கே சென்ற ஊர்ப்பாதையை அடைக்கவில்லை; பள்ளத்துள் இறக்கிக் கண்ணுக்கு மறைத்தார். விகாரைகளிற் காணும் அரலியா மரத்தின் கிளைகளிலே பாரம் கட்டித் தொங்கவிட்டு, தாம் விரும்பியவாறு தாழ வளைத்தார். ஒரு மாரியில் முடியும் வேலையா அது?

எண்ணியதைச் செய்யத் தொழிலறிவு போதாதென உணர்ந்து மீண்டும் மாணவராகி, 1957 இல், 38 ஆம் வயதிலே, கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். 1982 இல் திறக்கப்பட்ட நமது பாராளுமன்றக் கட்டடம் அவர் ஆக்கமே. திறப்புவிழாவுக்கு நாள் குறித்தபின் செடி தேடும் வழக்கம் நம்மிடையே உண்டு. லுணுகங்கைக்கோ அத்தகைய நாளே குறிக்கப்படவில்லை. 2003 இல் அவர் மறையுமட்டும் வெட்டலும் நடலும் தொடர்ந்தன.