"ஆருக்கு அக்கா சொல்லுறது?"



2024ஆம் ஆண்டு மாரிகாலத்தில் முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றுக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். குழாய்க் கிணற்றடியில் ஒரு தங்கச்சி இரண்டு கைகளிலும் வாளியோடு நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. ஒரு வாளியை வாங்கிக்கொண்டு கூட நடந்தபோதுதான் தெரிந்தது, அவளுக்குப் பிள்ளை பிறந்து அன்று ஒன்பதாவது நாள். வீட்டுத் திண்ணையில் சற்று இருந்துவிட்டு எழும்பினாள். இருந்த இடம் இரத்தமாக இருந்தது.

இரண்டு நாட்களாகக் கட்டி கட்டியாகப் போகிறது என்றாள். குளிர்காய்ச்சலும் இருந்தது. உடனே அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலையில் சேர்த்தோம். நச்சுக்கொடியின் சிறு துண்டொன்று கருப்பைக்குள் தங்கி, கிருமி தொற்றியிருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் வைத்தியர்.

குணமாகி வீடு வந்த பிறகு கேட்டேன். "ஏன் பிள்ளை, முதல் நாளே ஆருக்காவது சொல்லியிருக்கலாமே?"

"ஆருக்கு அக்கா சொல்லுறது? பிள்ளை பெத்தா இரத்தம் போறதுதானே எண்டு நினைச்சன். அம்மா இருந்திருந்தா அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவளுடைய அம்மா 2009இல் ஷெல் விழுந்து இறந்தவர். அப்போது இவளுக்கு ஒன்பது வயது. கணவர் மேசன் வேலைக்கு வெளிமாவட்டம் போயிருந்தார். மாமியார் எழும்ப முடியாத நோயாளி.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், எங்கள் சமூகத்தின் 31 நாள் துடக்கு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பெண்ணைத் தீட்டு என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் அது என்று எழுதினேன். எழுதியது பிழையல்ல. ஆனால் அது பாதிதான் என்பதைக் களத்தில் வேலை செய்யத் தொடங்கிய பிறகே விளங்கிக்கொண்டேன். பெற்றவள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போகக்கூடாது என்றால், சமைக்கவும் தண்ணீர் அள்ளவும் வேறொருத்தி அந்த வீட்டில் நின்றாள். அம்மா, அம்மம்மா, பெரியம்மா, அக்கா என்று நாலு பேர் சுற்றி நின்றார்கள். "பச்சை உடம்புக்காரி, படு" என்று சொன்னார்கள்.

யுத்தம் அந்த நாலு பேரைத்தான் எங்களிடமிருந்து பிரித்தது. சிலர் இறந்தார்கள். சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். சிலர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். "அங்கே போகாதே, இதைத் தொடாதே" என்ற கட்டுப்பாடு பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. "நீ படு, நான் பார்க்கிறேன்" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சகோதரிகளே, துடக்கை விட்டுவிடலாம். ஓய்வை விடக்கூடாது.

ஏன் ஓய்வு வேண்டும்? பிள்ளை பிறந்தவுடன் தாயின் கருப்பை ஏறக்குறைய 1 கிலோ எடை இருக்கும். அது 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்கிப் பழைய நிலைக்கு வர 6 கிழமை வரை எடுக்கும். அந்த நாட்களில் பாரம் தூக்கினால் தளர்ந்திருக்கும் இடுப்புத் தசைகள் பாதிக்கப்படும். பின்னாளில் கருப்பை இறங்குவதற்கும் அது ஒரு காரணமாகலாம். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்கள் 6 கிழமைக்குப் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம். அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள் மெல்ல நடந்து திரிந்தால்தான் காலில் இரத்தம் உறையாது.

இரத்தப்போக்கு முதல் மூன்று நான்கு நாட்கள் சிவப்பாக இருக்கும். பிறகு மண்ணிறமாகி, வெளிறி, 4 முதல் 6 கிழமைக்குள் நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டு போவதுதான் இயல்பு. துணியை 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். துவைத்த துணியை வெட்கப்பட்டு மறைவில் போடாமல் நல்ல வெயிலில் காயவிடுங்கள். தையல் உள்ள இடத்தை முன்னிருந்து பின்னாகச் சுத்தமான தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்தால் போதும். எண்ணெயோ பச்சிலையோ அதில் பூச வேண்டாம். நொச்சி, வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிப்பது சுகமாக இருக்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்க வயிற்றில் அடித்து ஊற்றுவது காயத்துக்குக் கூடாது.

சாப்பாட்டில் எங்கள் பெரியவர்களின் அறிவு பெரியது. வேர்க்கொம்பு, மிளகு, உள்ளி அரைத்த சரக்குக் கறி, முருங்கை இலை, சின்ன மீன் எல்லாம் நல்லவையே. ஆனால் "தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்" என்று தாகத்தோடு விடுவது பிழை. பால் கொடுப்பவருக்குத் தண்ணீரும் வேண்டும், நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு மேலதிகமாகவும் வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு குடிக்காதீர்கள். தேயிலைச் சாயம் அந்தச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்கிறேன். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? பிள்ளை பெற்ற பலருக்கும் இது உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையை இறுக்கி, 5 எண்ணும் வரை பிடித்து, விடுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. பால் கொடுக்கும்போதே இதைச் செய்யலாம். மூன்று மாதமாகியும் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்:

1. ஒரு மணித்தியாலத்தில் ஒரு துணி முழுதாக நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது, குறைந்த இரத்தம் மீண்டும் கூடுவது, கெட்ட மணம் வருவது.
2. குளிர்காய்ச்சல், அடிவயிற்று நோவு, தையலில் சீழ், மார்பு சிவந்து கொதிப்பது.
3. கடுமையான தலையிடி, கண் மங்கல், வலிப்பு. கர்ப்ப காலத்தில் பிரஷர் இல்லாதவருக்கும் இது வரலாம்.
4. ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு எடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோ.
5. இரண்டு கிழமைக்கு மேலும் தீராத அழுகை, நித்திரையின்மை. உங்களையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால், இரண்டு கிழமை பார்த்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மனத் துயரத்துக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு பழைய ஷெல் சத்தமும் பங்கர் இருட்டும் கனவில் திரும்பி வருவதாகச் சில தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது பைத்தியமல்ல. பட்ட காயம் நோகிறது, அவ்வளவுதான். உடம்பில் இன்னும் ஷெல் துண்டு உள்ளவர்கள் அதை மருத்துவமாதிடம் சொல்லிக் கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதுவியுங்கள்.

முதல் 10 நாட்களுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது மருத்துவமாதின் கடமை. பிள்ளைப்பேற்றுக்கு வேறு ஊருக்குப் போனால் அந்த ஊர் மருத்துவமாதுக்கு அறிவியுங்கள். வந்தவரிடம் "பிள்ளை சுகம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

அம்மா இல்லாதவர்கள் ஏழாம் மாதத்திலேயே மூன்று பெயரை எழுதிவையுங்கள். தண்ணீர் அள்ளித்தர ஒருவர், ஒரு நேரம் சமைத்துத்தர ஒருவர், இரவில் கூப்பிட்டால் வர ஒருவர். மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வெட்கப்படாமல் கேளுங்கள். நாளைக்கு நீங்கள் இன்னொருத்திக்குச் செய்வீர்கள். கணவர் வீட்டில் இருந்தால் முதல் பெயர் அவருடையதாகவே இருக்கட்டும். தண்ணீர் வாளிக்கு ஆண், பெண் தெரியாது.

அண்மையில் அந்தக் கிராமத்துக்கு மறுபடியும் போனேன். அதே கிணற்றடியில் அதே தங்கச்சி வாளிகளோடு நின்றாள். முகம் தெளிந்திருந்தது. நான் பதறுவதைக் கண்டு சிரித்தாள்.

"எனக்கில்லை அக்கா. பக்கத்து வீட்டில பச்சை உடம்புக்காரி ஒருத்தி இருக்கிறா. அவளுக்கு."

அடுத்த மாதம் சந்திப்போம்.