மலைநாடும் உயர் நீதிமன்றமும்

நாட்டின் தலையாய நீதிபீடத்தில் அமர்பவர் யார், அவர்களை அமர்த்துபவர் யார் என்னும் கேள்வி சட்டத்தரணிகளுக்கு மட்டும் உரியதன்று. கொழுந்து பறிப்போரும் உருளைக்கிழங்கு பயிரிடுவோரும் கேட்டாக வேண்டிய கேள்வி அது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு, ஓரினத்துக்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தை விலக்கியிருந்தது. அதனை நம்பியே கோடாக்கன் பிள்ளையின் வழக்கு எழுந்தது. சட்டத்தின் வாசகம் எவ்வினத்தையும் தனித்துச் சுட்டவில்லை என 1951இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. தன் குடிகள் யாவர் என வகுப்பது எந்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம் என 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் கூறிற்று. இலண்டன் நீதிபதிகளைக் கொழும்பு அரசு நியமிக்கவில்லை. எனினும் நீதி கிட்டவில்லை. நீதிபதிக்குச் சுதந்திரம் வேண்டும். அதனோடு மக்களின் வாழ்நிலை பற்றிய அறிவும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இன்று இவ்விரண்டும் எந்நிலையில் உள்ளன? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நியமன அதிகாரத்தைச் சனாதிபதி ஒருவரிடமே ஒப்படைத்தது. அதற்குக் கடிவாளமாக 2001இல் அரசியலமைப்புப் பேரவை வந்தது; 2010இல் போயிற்று; 2015இல் மீண்டது; 2020இல் வீழ்ந்தது; 2022இல் 21ஆம் திருத்தத்தால் மறுபடி எழுந்தது. ஆட்சிக்கு ஆட்சி அவிழ்வதும் கடிவாளமாகுமோ? இப்போதும் பேரவையின் பதின்மரில் எழுவர் பாராளுமன்ற உறுப்பினரே.

நிற்க. 2020இல் நீதியரசர் தொகை, பிரதம நீதியரசர் உட்பட, பதினொன்றிலிருந்து பதினேழு வரை உயர இடமளிக்கப்பட்டது. ஆயினும் நீதிபீடம் மலைக்கு ஓர் அடியேனும் நெருங்கவில்லை. 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானிக் கட்டளை இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. நுவரெலியா விவசாயி அதனை அடிப்படை உரிமை மீறலென வழக்காட விரும்பின், ஒரு மாதத்துக்குள் கொழும்புக்கு இறங்கியாக வேண்டும். அவ்வழக்கை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரம் வேறெந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

நாம் கோருவன இரண்டு. பேரவையில் கட்சி சாராதோர் பெரும்பான்மையராக வேண்டும். இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவை. மற்றையதற்கு ஒரு கட்டளையே போதும். உயர் நீதிமன்றம் சாதாரணமாகக் கொழும்பில் அமரும். பிரதம நீதியரசர் பணித்தால் பிறவிடத்திலும் அமரலாம் என்கிறது 132ஆம் உறுப்புரை. மூவர் கொண்ட ஆயமொன்று ஆண்டுக்கு இருமுறை ஹற்றனிலோ நுவரெலியாவிலோ அமர்தல் அரிதா?

தலைநகரை விட்டு அசைவது மாட்சிமைக்கு இழுக்கென்பர் சிலர். 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் தொட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, இதே நீதிமன்றத்தின் நீதியரசர்கள் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சுற்றில் சென்று குற்ற வழக்குகளை விசாரித்தனர். அன்று மாட்சிமை குன்றவில்லை. தண்டிக்க வந்தவர்கள் உரிமை வழங்கவும் வரலாமன்றோ?

மலையகச் சட்டத்தரணிகளும் தொழிற்சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் ஒன்றுகூடி இக்கோரிக்கையைப் பிரதம நீதியரசர் முன் வைப்பார்களாக.